'உதவி' என்ற சொல்லுக்கு எதிராக

ஒரு சொல்லோடு எனக்குத் தகராறு இருக்கிறது. அந்தச் சொல் 'உதவி'. ஐஸ் உடைக்கும் மெஷினில் விரல் போனவனுக்கு முதலாளி பத்தாயிரம் ரூபாய் கொடுத்தால் அது உதவி. நெல் ஆலையின் பெல்ட் இழுத்துக் கை முறிந்தவனை முதலாளியின் வான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் அது உதவி. சிலிண்டர் கட்டிக்கொண்டு சங்கு குளிக்கப் போய், இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கரைக்கு வந்தவனின் வீட்டுக்கு நோன்பு மாதத்தில் ஒரு மூடை அரிசி போனால் அதுவும் உதவி. மன்னார்த் தீவிலும் முசலிக் கரையிலும், இடையில் புத்தளத்து அகதி முகாம்களிலும் நான் கேட்டு வளர்ந்த சொல் இது. கொடுத்தவரின் நல்ல மனதை ஊர் பாராட்டுகிறது. வாங்கியவன் தலை குனிந்து நிற்கிறான். தனக்கு வரவேண்டிய கடனை வாங்கப் போனவன் யாசகனைப்போல நிற்கிறானே என்று நமது உலமாக்களுக்கும் உறைக்கவில்லை, எழுதுகிறவர்களான நமக்கும் உறைக்கவில்லை.

உதவி செய்யக்கூடாது என்று நான் சொல்வதாக யாரும் திரிக்கவேண்டாம். செய்யட்டும். கொடுக்கவேண்டியதைக் கொடுத்து முடித்த பிறகு தாராளமாகச் செய்யட்டும்.

கொடுக்கவேண்டியது என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்கிறவர்களுக்காகச் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் இந்த நாட்டில் 1934 ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. 19 ஆம் இலக்கம். வேலையின் நிமித்தம், வேலை செய்துகொண்டிருக்கும்போது நேர்ந்த விபத்தினால் ஒருவன் காயப்பட்டு உழைக்கும் வல்லமையை இழந்தால் அவனுடைய முதலாளி நட்டஈடு கொடுக்கவேண்டும். முதலாளியின் கவனயீனத்தைத் தொழிலாளி நிரூபிக்கத் தேவையில்லை. வேலை உடன்படிக்கை எழுத்தில் இருந்ததா, வாய்ச்சொல்லா என்பதும் பொருட்டில்லை. கொந்துராத்துக்காரர் மூலம் வந்த ஆள் என்று சொல்லி உரிமையாளர் ஒதுங்கிக்கொள்ளவும் இடமில்லை. நட்டஈட்டின் உச்சத்தொகை 2005 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 5,50,000 ரூபாவாக இருந்தது. 2022 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதை 20 இலட்சம் ஆக்கியது, வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தையும் சேர்த்துக்கொண்டது. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசெம்பரில் திறந்துவைத்த தம்பபவனியின் 30 காற்றாலைகளுக்கும் இதே சட்டம்தான். அதே தீவில் தகரக் கூரை போட்ட பத்தடி ஐஸ் கொட்டிலுக்கும் இதே சட்டம்தான். முன்னதில் வேலை செய்கிறவனுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்புண்டு. பின்னதில் வேலை செய்கிறவனிடம் இதை யாரும் சொன்னதில்லை.

இந்தக் கொள்கை சும்மா வந்துவிடவில்லை. 1837 இல் இங்கிலாந்தில் ஓர் இறைச்சிக் கடைக்காரரிடம் வேலை செய்த பையன் ஒருவன், அளவுக்கு மிஞ்சிப் பாரமேற்றிய வண்டி உடைந்து தொடை முறிந்து கிடந்தான். ஜூரிகள் அவனுக்கு 100 பவுண் கொடுக்கச் சொன்னார்கள். நீதிபதிகள் அதைத் தள்ளிவிட்டார்கள். ஆபத்தான வேலை என்று தெரிந்தால் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்பதுதான் அவர்கள் கண்ட நியாயத்தின் சாரம். அந்த நியாயத்தின் கீழ் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பஞ்சாலைகளிலும் சுரங்கங்களிலும் எத்தனையோ பேரின் அங்கங்கள் போயின. 1884 இல் ஜெர்மனி விபத்துக் காப்புறுதிச் சட்டம் செய்தது. 1897 இல் பிரித்தானியா நட்டஈட்டுச் சட்டம் செய்தது. 1923 இல் இந்தியாவுக்கும் 1934 இல் இலங்கைக்கும் அது வந்தது. ஆனால் நமது பள்ளிவாசல் முற்றத்துப் பஞ்சாயத்துகள் மட்டும் இன்னும் 1837 இல் நிற்கின்றன. "அவன் தானா விரும்பித்தானே வேலைக்கு வந்தான்" என்ற வாக்கியத்தை நான் காதாரக் கேட்டிருக்கிறேன்.

2013 இல் என் சாச்சாவின் மகனுக்கு நடந்ததைச் சொல்லவேண்டும். நாங்கள் மீளக் குடியேறி மூன்று வருடம் இருக்கும். அவன் ஒரு மீன்வாடியில் ஐஸ் உடைக்கும் வேலைக்குப் போனான். ஊரைச் சொல்லவில்லை, முதலாளியையும் சொல்லவில்லை. மெஷினைப் பற்றித் தெரியாதவர்களுக்காக: ஐஸ் பாளத்தை மேல்வாய் வழியே இறக்கினால் உள்ளே பற்கள் வைத்த உருளை சுழன்று அதைத் தூளாக்கிக் கீழே தள்ளும். மேல்வாய்க்கு ஒரு தகட்டு மூடி உண்டு. மூடியோடு வேலை செய்தால் பாளம் அடிக்கடி சிக்கும், மெல்லத்தான் இறங்கும். கொழும்புக்கு மீன் ஏற்றும் லொறி அந்தியில் புறப்பட்டாகவேண்டும். எனவே அந்த வாடியில் மூடி எப்போதோ கழற்றப்பட்டுச் சுவரோரம் கிடந்தது. அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே அது அங்கேதான் கிடந்ததாம். சிக்கிய பாளத்தைக் கையால் அழுத்தியிருக்கிறான். பாளம் இறங்கியது. வலது கையின் சுட்டு விரலும் நடு விரலும் மோதிர விரலும் அதோடு இறங்கின. மன்னாரிலிருந்து அனுராதபுரத்துக்கு அனுப்பினார்கள். விரல்களை யாரும் தேடவில்லை. தேடி எடுத்திருந்தாலும் பொருத்தியிருக்க முடியாது என்று பிறகு ஒரு டொக்டர் சொன்னார்.

இருபது நாள் கழித்துப் பேச்சு நடந்தது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் மூன்று பேர், முதலாளி, சாச்சா, நான். "அது அல்லாஹ்ட நாட்டம் தம்பி. ஹாஜியார் ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் பாத்தார்தானே, இன்னும் என்ன வேணும்?" என்றார் ஒருவர். நான் கட்டளைச்சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். இங்கே நாங்கள் ஒரு குடும்பம், கோட்டுக் கச்சேரிப் பேச்சு எதற்கு என்றார் இன்னொருவர். மூடியைப் பற்றிக் கேட்டேன். "அத அவனெல்லோ போட்டிருக்கோணும்" என்றார் முதலாளி. தொழிலாளி தன் பாதுகாப்புக்காக வைத்த கவசத்தை வேண்டுமென்றே கழற்றினால் நட்டஈடு மறுக்கலாம் என்று சட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டுதான். தான் சேருவதற்கு முன்பே கழற்றிவைத்த கவசத்துக்கு ஒருவன் எப்படிப் பொறுப்பாவான்? கேள்வி அந்த அறையில் யாருக்கும் கேட்கவில்லை. 60,000 ரூபாய் என்று முடிந்தது, இரண்டு தவணையில். ஒரு கடுதாசி எழுதினார்கள். இதன்பிறகு தனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற அந்தக் கடுதாசியில் அவன் இடது கையால் ஒப்பமிட்டான்.

அந்தக் கடுதாசிக்குச் சட்டத்தில் பெறுமதி கிடையாது. நட்டஈட்டு உரிமையைத் தொழிலாளி விட்டுக்கொடுக்கும் எந்த உடன்படிக்கையும் செல்லாது என்று கட்டளைச்சட்டமே சொல்கிறது. 5,50,000 என்ற அன்றைய உச்சத்தொகை முழுவதும் அவனுக்குக் கிடைத்திருக்காது என்பதையும் சொல்லவேண்டும். அவனுடைய சம்பளத்தையும் போன உறுப்புக்குரிய வீதத்தையும் வைத்துத்தான் ஆணையாளர் கணக்குப் பார்ப்பார். என்ன கணக்கு வந்திருக்கும் என்று தெரிந்துகொள்ளக்கூட வழி விடவில்லை என்பதே என் வழக்கு. வீட்டுக்கு வந்ததும் அவனிடம் கேட்டேன், கொழும்புக்குப் போவோமா என்று. "வழக்குப் போட்டா நாளைக்கு எனக்கு ஆர் காக்கா வேலை தருவாங்க?" என்றான். மூன்று விரல் போன கைக்கு இனி யார் வேலை தரப்போகிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.

பிறகுதான் ஒரு விஷயம் தெரியவந்தது. அந்த 60,000 இல் பாதி ஸகாத் பணம். முதலாளி தன் வருடக் கணக்கில் அதை ஸகாத்தாக எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தில்தான் நமது மௌலவிமார்களோடு எனக்குப் பேச்சு. ஒருவர் தான் பட்ட கடனை ஸகாத்திலிருந்து அடைக்க முடியாது என்பது மத்ரஸாவின் ஆரம்ப வகுப்புப் பாடம். கொடுப்பதன் பலன் கொடுத்தவனுக்கே திரும்பினால் அது ஸகாத் ஆவதெப்படி? தொழிலாளிக்குரிய நட்டஈடு முதலாளியின் கழுத்தில் உள்ள கடன் என்றால், ஸகாத்தால் அதை அடைத்தவருக்கு இரண்டு பாக்கி நிற்கிறது. கடனும் நிற்கிறது, ஸகாத்தும் நிற்கிறது. ரமழானில் ஸகாத்தைப் பற்றி எத்தனையோ பயான் கேட்டிருக்கிறேன். இந்த மஸ்அலாவை ஒருவர்கூட மிம்பரில் எடுத்ததில்லை.

படித்த ஒரு மௌலவி என்னை மறித்து நல்ல கேள்வி ஒன்று கேட்டார். அதை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையாகாது. கிணற்றிலும் சுரங்கத்திலும் நேரும் சேதத்துக்கு ஈடு இல்லை என்ற கருத்தில் புகாரியிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் இருக்கிறது. கிணறு வெட்ட ஆள் பிடித்து, அது சரிந்து அவன் இறந்தால் பிடித்தவர் மீது பொறுப்பில்லை என்று விளக்கவுரைகள் சொல்கின்றன. அப்படியானால் ஐஸ் மெஷினுக்கு மட்டும் ஏன் என்றார். என் பதில் இது. சரிந்த கிணற்றுக்கு மூடி கிடையாது, அதை யாரும் கழற்றிவைக்கவுமில்லை. நேரடியாகச் செய்யாமல் காரணமாக மட்டும் இருந்தவர் வரம்பு மீறியிருந்தால் பொறுப்பாளியாவார் என்று ஃபிக்ஹே சொல்கிறது. உஸ்மானியர் 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லாவின் 93 ஆம் பிரிவு இந்தக் கொள்கையைத்தான் பேசுகிறது. மூடியைக் கழற்றிவைத்து ஆளை நிறுத்துவது வரம்பு மீறலாகாதா? இன்னொன்றும் உண்டு. ஊரறிந்த வழக்கம் ஒப்பந்தத்தில் எழுதாத நிபந்தனையாகவே கொள்ளப்படும் என்பது அதே மஜல்லாவின் 43 ஆம் பிரிவு. 1934 இலிருந்து நடைமுறையில் இருக்கும் நாட்டுச் சட்டம் ஊரறிந்த வழக்கம் ஆகாதென்றால் வேறெதுதான் ஆகும்? அந்தச் சட்டம் இருக்கும் நாட்டில் ஆள் சேர்ப்பவர் அந்த நிபந்தனையோடுதான் சேர்க்கிறார். ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது கடமையா இல்லையா என்று நான் மௌலவிக்குச் சொல்லத் தேவையில்லை. அவர் யோசிக்கவேண்டும் என்றார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

விரலுக்கு விலை வைப்பது அநாகரிகம் என்று முகம் சுளிக்கிறவர்களும் நம்மில் உண்டு. இஸ்லாமியச் சட்ட மரபு அப்படிச் சுளித்ததில்லை. முழுத் தியத் 100 ஒட்டகம், ஒரு விரலுக்கு அதில் பத்திலொன்று. இமாம் ஷாஃபிஈயின் 'அர்ரிஸாலா'வில் இதைப் பற்றிச் சுவையான செய்தி ஒன்றுண்டு. உமர் (ரலி) முதலில் விரலுக்கு விரல் வித்தியாசம் வைத்துத் தீர்ப்புச் சொன்னார்கள். பெருவிரலுக்கு 15, அடுத்த இரண்டுக்கும் பத்துப் பத்து, மோதிர விரலுக்கு 9, சுண்டு விரலுக்கு 6. பின்னர் அம்ர் இப்னு ஹஸ்முடைய குடும்பத்தாரிடமிருந்த நபிகளாரின் கடிதம் தெரியவந்தபோது எல்லா விரலுக்கும் பத்து என்று நிலைபெற்றது. இந்தியாவின் நட்டஈட்டுச் சட்ட அட்டவணையைப் பாருங்கள். பெருவிரலுக்கு 30 வீதம், சுட்டு விரலுக்கு 14, நடு விரலுக்கு 12, மோதிர விரலோ சுண்டு விரலோ போனால் 7. உமருடைய முதல் கணக்கைப்போலவே இதுவும் விரல் செய்யும் வேலையை அளக்கிறது. கடிதத்தின் கணக்கோ விரலை மனிதனின் அங்கமாக மட்டும் பார்க்கிறது. எது மேல் என்று விவாதிக்கலாம், எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது. ஆனால் இரண்டு கணக்கிலும் விரலுக்கு ஈடு உண்டு, அது கேட்டு வாங்கும் உரிமை. கொடுப்பவரின் மன விசாலத்தைப் பொறுத்தது என்ற மூன்றாவது கணக்கை நாம்தான் கண்டுபிடித்தோம்.

நமது பிள்ளைகள் எத்தனையோ பேர் கட்டாரில் இருக்கிறார்கள். அங்கே 2004 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கத் தொழிற் சட்டத்தின் 110 ஆவது பிரிவு, வேலையின் காரணமாக இறந்தவரின் வாரிசுகளுக்குரிய ஈட்டை ஷரீஅத்தின்படி கணக்கிடச் சொல்கிறது. தியத் 200,000 ரியால். நிரந்தர ஊனத்துக்கு அதில் வீதக் கணக்கு. கட்டாரைச் சொர்க்கமென்று காட்ட நான் இதைச் சொல்லவில்லை. வெயிலில் விழுந்து இறந்தவர்களை இயற்கை மரணம் என்று எழுதி ஈட்டைத் தவிர்த்த கதைகள் அம்னெஸ்டியின் 2021 அறிக்கையில் இருக்கின்றன. ஆனால் பத்திரம் எழுதியாவது ஏய்க்கவேண்டிய ஒரு கடனாக அது அங்கே இருக்கிறது. டோஹாவில் கை போனவனுக்குத் தியத், எருக்கலம்பிட்டியில் கை போனவனுக்கு ஸதகா. இரண்டும் ஒரே தெருப் பிள்ளைகள்.

நமது கரையில் இந்தக் கடனை மறைக்கும் பழைய சூத்திரம் ஒன்று உண்டு. அதன் பெயர் 'பங்கு'. அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி என்று முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் முத்துப் பாருக்குச் சொந்தக்காரர் அரசாங்கம்தான். குளிக்கிறவனுக்குக் கூலி கிடையாது, அள்ளிய சிப்பியில் பங்கு. 1905 ஆம் ஆண்டுக் குளிப்பில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் அள்ளப்பட்டன, அரசாங்கத்துக்கு 25 இலட்சம் ரூபாய்க்கு மேல் வந்தது. மூன்றில் இரண்டு பங்கு திறைசேரிக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. கீழக்கரை மரைக்காயர்கள், பரதவர்கள், வளைகுடாவிலிருந்து வந்த அரபிகள், நமது முன்னோர்கள் எல்லோரும் அந்தப் பங்கில்தான் மூச்சடக்கினார்கள். அவர்களுடைய பாதுகாப்புக்கு அரசாங்கம் என்ன செய்தது? சுறாவை மந்திரத்தால் கட்டும் 'கடல்கட்டி' ஒருவரை அரசாங்கச் செலவில் வைத்திருந்ததாக எமர்சன் டெனன்ட் 1859 இல் எழுதியிருக்கிறார். சிரிப்பு வருகிறதுதான். ஆனால் சுவரோரம் கிடந்த மூடிக்குப் பதிலாக "அல்லாஹ் காப்பான்" என்று சொல்கிற முதலாளியும் கடல்கட்டியைத்தானே வேலைக்கு வைத்திருக்கிறார்? அதுவும் சம்பளமில்லாமல்.

பங்கு என்ற சொல்லில் தொழிலாளி பங்காளியாகத் தெரிகிறான். இலாபத்தில் பங்காளி, எனவே ஆபத்திலும் பங்காளி என்று ஆகிவிடுகிறது. 1906 ஆம் ஆண்டுப் பிரித்தானிய நட்டஈட்டுச் சட்டம்கூட பங்குக்கு மீன்பிடிப்பவர்களை வெளிப்படையாகவே விலக்கிவைத்தது. இன்று சங்குக்கும் கடலட்டைக்கும் குளிக்கிறவனின் நிலையைப் பாருங்கள். வள்ளம் சம்மாட்டியுடையது. எஞ்சின் அவருடையது. காற்று நிரப்பிய சிலிண்டரும் பெரும்பாலும் அவருடையது. எடுத்த சரக்கை அவரிடமே கொடுக்கவேண்டும், விலையையும் அவரே சொல்வார். குளிப்பவனுடையது நுரையீரலும் முள்ளந்தண்டும் மட்டும். பத்து மீற்றர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. சுவாசிக்கும் நைதரசன் அந்த அழுத்தத்தில் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. ஒரே நாளில் பல தடவை ஆழத்துக்குப் போய் அவசரமாக மேலே வந்தால், சோடாப் போத்தலைத் திறந்ததுபோல அது குமிழிகளாகிறது. முள்ளந்தண்டு நரம்பில் குமிழி அடைத்தால் கால்கள் போய்விடும். உடனே அழுத்த அறைக்குள் வைத்துச் சிகிச்சை செய்யவேண்டும். அந்த வசதி திருகோணமலையில் கடற்படையிடம் இருக்கிறது. சிலாவத்துறையில் விழுந்தவனை நாட்டின் அடுத்த கரைக்குக் கொண்டுபோகவேண்டும். அதற்குள் குமிழிகள் தங்கள் வேலையை முடித்துவிடும். இவன் பங்காளியா, வேலையாளா? கருவியும் விலையும் யார் கையில் இருக்கின்றன என்று பார்த்தால் எனக்குச் சந்தேகமில்லை. ஒரு நல்ல சட்டத்தரணி ஆணையாளர் முன்னால் வைக்கவேண்டிய வழக்கு இது. நமது சட்டத்தரணிகள் கவிதைத் தொகுப்பு வெளியீடுகளில் தலைமை வகிப்பதில் மும்முரமாக இருக்கிறார்கள்.

இனி நாம். நான் உட்பட, எழுதுகிறவர்கள். லெனார்ட் வுல்ஃப் 1906 இல் யாழ்ப்பாணத்திலிருந்து மறிச்சுக்கட்டி முத்துக்குளிப்புக்கு அனுப்பப்பட்ட இளம் அதிகாரி. அந்த அனுபவத்திலிருந்து எழுதி 1921 இல் வெளியிட்ட 'முத்துக்களும் பன்றிகளும்' என்ற கதையில், குடிவெறியில் சீரழிந்து சாகும் வெள்ளைக்காரனுக்கு எதிரே ஓர் அரபிக் குளியாளியின் மரணத்தையும், தோழர்கள் அவனைத் தூக்கிச் செல்லும் கண்ணியத்தையும் நிறுத்துகிறார். ஏகாதிபத்தியத்தின் முகத்தில் அறைந்த கதை, சந்தேகமில்லை. ஆனாலும் அந்த அரபியின் பிள்ளைகளுக்கு அரசாங்கம் என்ன கொடுக்கவேண்டியிருந்தது என்ற கேள்வி அந்தக் கதைக்குள் இல்லை. கண்ணியமான மரணத்தோடு கதை நிறைவடைந்துவிடுகிறது. நூறு வருடமாக நாமும் அதையேதான் எழுதிக்கொண்டிருக்கிறோம். நமது கதைகளில் கையிழந்தவன் பொறுமையின் உருவமாக வருகிறான், அல்லது தலாக்குச் சொல்லப்பட்ட பெண்ணின் வாப்பாவாகத் திண்ணையில் இருமுகிறான். எந்த மெஷினில், எந்த வருடம், மூடி எங்கே இருந்தது, எவ்வளவுக்குப் பேசி முடித்தார்கள் என்பதெல்லாம் கதைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. கலைக்கு அது தேவையில்லையாம்.

நாம் இதை எழுதாததற்கு ஒரு காரணம் எனக்குத் தெரியும், சொல்லக் கஷ்டமான காரணம். 1990 ஒக்டோபரில் புலிகள் எங்களை வெளியேற்றியபோது கையிலிருந்ததோடு கடல் வழியே கற்பிட்டிக் கரைக்குப் போனோம். புத்தளத்து மக்கள் சோறு தந்தார்கள், காணி தந்தார்கள், உப்பளத்திலும் வெங்காயத் தோட்டத்திலும் வேலையும் தந்தார்கள். அந்த நன்றியை மறுப்பவன் மனிதனில்லை. ஆனால் அந்த இருபது வருடத்தில் எங்கள் தலைமுறை ஒன்றைக் கற்றுக்கொண்டது: வேலை தருபவர் தஞ்சம் தருபவர். தஞ்சம் தந்தவரிடம் எப்படி நட்டஈடு கேட்பது? ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பழக்கம் எங்கள் எலும்புக்குள் இருக்கிறது. இப்போதைய முதலாளி எங்களைப்போலவே அகதியாக இருந்து திரும்பிவந்தவர், தூரத்து உறவினர், பள்ளிக்குக் கூரை போட்டுத் தந்தவர். உறவும் நன்றியும் சேர்ந்து ஒப்பந்தத்தை மூடிவிடுகின்றன.

பெரிய கம்பனிகளில் நிலைமை வேறு என்று யாராவது நினைத்தால், பாக்கு நீரிணைக்கு அப்பால் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலையில் 2010 ஒக்டோபர் 31 அன்று நடந்ததைப் பார்க்கலாம். இருபதுகளின் தொடக்கத்திலிருந்த ஒரு பெண் தொழிலாளி மெஷினுக்குள் தலை சிக்கி இறந்தார். வேகத்துக்காகப் பாதுகாப்பு உணரிகள் நிறுத்திவைக்கப்பட்டிருந்தன என்றும், மெஷினை உடைத்து அவரை எடுக்கத் தயங்கினார்கள் என்றும் சக தொழிலாளர்கள் குற்றஞ்சாட்டினார்கள். அங்கே உணரி, இங்கே தகட்டு மூடி. உற்பத்தி வேகம் கவசத்தைக் கழற்றுகிறது என்பது இரண்டு இடத்துக்கும் பொது. வித்தியாசம், அங்கே சக தொழிலாளர்கள் வாய் திறந்தார்கள்.

முதலாளிமாரின் பக்கத்தையும் பார்க்கச் சொல்கிறார்கள். பார்க்கிறேன். ஒரு வாடிக்காரர் வங்கிக் கடனில் இருக்கிறார், 2022 இல் எண்ணெயில்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தபோது அவரும் உடைந்துபோனார். இலட்சக்கணக்கில் நட்டஈடு கொடுக்க அவரிடம் ஏது? இந்தக் கேள்விக்கு விடை கண்டு நூற்றாண்டு கடந்துவிட்டது. அதன் பெயர் காப்புறுதி. வேலையாட்கள் நட்டஈட்டுக்கென்றே காப்புறுதிப் பத்திரம் விற்கிறார்கள். காப்புறுதி ஹராம் என்று தயங்குகிறவருக்கு 1999 இலிருந்து இந்த நாட்டில் தகாஃபுல் இருக்கிறது. லொறிக்குக் காப்புறுதி எடுத்திருக்கிறார், எடுக்காவிட்டால் பொலிஸ் பிடிக்கும். லொறியில் ஐஸ் ஏற்றுகிறவனுக்கு எடுக்கவில்லை. மூடியைத் திருப்பிப் போட எவ்வளவு செலவு? ஒரு ஒட்டுக்காரருக்கு அரை நாள் கூலி. மூன்று விரலின் முழுக் கடனையும் அவர் கொடுத்தாகவேண்டும் என்று ஊர் நின்றிருந்தால் மூடி மறுநாளே ஏறியிருக்கும். விரல் உதவியோடு முடிகிற வரைக்கும் அது சுவரோரத்தில்தான் கிடக்கும். 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் ஆபத்தான பாகங்களுக்கு வேலி போடச் சொல்கிறது, பாரதூரமான விபத்தை அறிவிக்கச் சொல்கிறது. அறிவிப்பதற்குப் பதிலாக நாம் துஆ ஓதுகிறோம்.

பள்ளிவாசல்களை நான் பகைக்கவில்லை. பேச்சு அங்கேதான் நடக்கும் என்றால் நடக்கட்டும். ஆனால் பேச்சில் உட்காரும் மூன்று பேரில் ஒருவருக்காவது கட்டளைச்சட்டத்தின் அட்டவணை தெரிந்திருக்கவேண்டும். காயப்பட்டவன் ஆணையாளருக்கு விண்ணப்பித்த பிறகு பேச்சு நடக்கட்டும். ஸகாத் கணக்கில் அந்தப் பணம் எழுதப்படாது என்று நிர்வாகம் முதலிலேயே சொல்லட்டும். நிக்காஹ் பதிவுக்கு ஒரு புத்தகம் இருக்கிறது, சந்தாவுக்கு ஒரு புத்தகம் இருக்கிறது. விபத்துக்கும் ஒரு கொப்பி வைக்கலாம். திகதி, இடம், மெஷின், கவசம் இருந்ததா, போனது என்ன, கொடுத்தது என்ன, எந்தக் கணக்கில் கொடுத்தது. ஆறேழு நிரல் போதும். எழுத வராதென்றால் நமது இளம் கதைஞர்களில் ஒருவரை நியமிக்கலாம், அவருக்கும் நல்லது.

முதல் பக்கத்தில் எழுதுவதற்கு என்னிடம் ஏழு சம்பவங்கள் இருக்கின்றன. ஐஸ் மெஷின் இரண்டு, நெல் ஆலை ஒன்று, சூடடிக்கும் மெஷின் ஒன்று, மரக்காலை வாள் ஒன்று, சிலிண்டர் இரண்டு. சிலிண்டர் இரண்டில் ஒருவர் இப்போது இல்லை. மற்ற ஆறு பேரிடமும் கேட்டேன். நான்கு பேர் தங்கள் பெயரை எழுதச் சம்மதித்திருக்கிறார்கள்.